களமும் கணக்கும்

1

தினை வடசீனாவில் முதலில் பயிராக்கப்பட்ட தானியம். இந்த ஒரு வாக்கியத்தை எழுத்தாள நண்பர்கள் சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவருக்குக் கோபம் வந்துவிட்டது. வள்ளி காவல் காத்த புனத்தையே நான் அன்னியனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மூன்றாமவர் கவிஞர். "இருந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் கவிதைக்கு என்ன?" என்றார். இந்த மூன்றாவது பதில்தான் என்னை இக்கட்டுரையில் கொண்டுவந்து விட்டது.

தினையோடு இது முடிவதில்லை. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களிலிருந்து வந்தது. சோளம் சூடான் பக்கத்துப் புல். கம்பு சஹாராவின் தென்விளிம்பில், இன்றைய மாலி நாட்டுப் பகுதியில், பயிரானது. திருச்சியிலிருந்து முக்கொம்பு போகிற வழியெல்லாம் இரு பக்கமும் நிற்கிற வாழையின் பூர்வீகத்தைத் தேடினால் தென்கிழக்கு ஆசியாவுக்கும் நியூ கினிக்கும் போக வேண்டும். அங்கே கூக் என்கிற சதுப்பில் ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்ட தடயம் கிடைத்திருக்கிறது. மிளகாயும் நிலக்கடலையும் போர்த்துக்கீசியர் காலத்துக்குப் பிந்தியவை. நமக்கென்று மிஞ்சுபவை கொள்ளு, பச்சைப்பயறு, சாமை, வரகு. நாம் மாட்டுக்கு வைத்ததும் ஏழைக்கு விட்டதும்.

இதில் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. அரிசி என்ற நம் சொல்தான் கிரேக்கம் போய் ஐரோப்பாவெங்கும் பரவியது என்று கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லி வந்தோம். கிரேக்கச் சொல் ஈரானிய மொழிகளின் வழியே போனதென்றும், அதற்கு உறவான வடமொழி 'விரீஹி' வேண்டுமானால் ஒரு பழந்திராவிடச் சொல்லிலிருந்து வந்திருக்கலாமென்றும் இன்றைய மொழியியலார் பலர் சொல்கிறார்கள். சுற்றுவழி எப்படியிருந்தாலும், ஒரு தானியத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது என் நோக்கமல்ல.

நம் இலக்கியப் பழக்கத்தில் வயல் இயற்கையின் ஒரு பகுதி. மழை, ஆறு, நாரை, நெற்கதிர் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். நகரத்துக்கு வந்துவிட்ட கவிஞன் தான் தொலைத்ததாக நினைக்கிற சொர்க்கத்தை வயல் என்ற சொல்லில் பத்திரப்படுத்துகிறான். ஆலைக்கு எதிராக வயலை நிறுத்துகிறான். வயலும் ஆலை மாதிரியே செயற்கையானதுதான் என்பது அவன் பிரக்ஞையில் இல்லை. யாரோ ஒருவர் காட்டை அழித்து, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு, வரப்பு கட்டி, ஆற்று நீரைத் திருப்பி, பிறகு இன்னொருவரை அதில் இறக்கிவிட்டதால் வந்தது வயல். அந்த 'இன்னொருவர்' பற்றித்தான் நான் எழுத வந்தது. தினை எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கினால் அந்த இடம்வரை போகாமல் நிற்க முடியாது. கவிதைக்கு ஆவது அதுதான்.

2

மனிதன் ஒருநாள் விதைக்கக் கற்றுக்கொண்டான், பசி தீர்ந்தது, ஊர் உண்டாயிற்று, நாகரிகம் பிறந்தது என்பது பள்ளிப் பாடம். கார்டன் சைல்ட் 1936இல் இதற்குப் 'புதிய கற்காலப் புரட்சி' என்று பெயர் வைத்தார். மார்க்சியரான அவருக்குப் புரட்சி என்ற சொல்லின் கனம் தெரியும். ஆனால் புரட்சி என்றதும் நமக்கு வேகம் ஞாபகம் வருகிறது. நடந்ததில் வேகம் இல்லை.

காட்டு நெல்லின் மணி முற்றியதும் தானே உதிரும். உதிர்வதுதான் அதன் பிழைப்பு. கதிரை அறுத்து வருகிறவனின் கைக்கு உதிராமல் ஒட்டிக்கொண்ட மணியே அதிகம் கிடைக்கும். மறுவருஷம் அவன் தெளிப்பதும் அதுவே. தலைமுறை தலைமுறையாக இப்படிப் போய், தானே உதிரத் தெரியாத ஒரு நெல் உண்டாகிறது. சீனத்தின் யாங்சீ ஆற்றுக் கீழ்ப்பகுதியில் தியான்லுவோஷான் என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த நெல் இந்த மாற்றத்தின் நடுவழியைக் காட்டுகிறது. ஏறக்குறைய 6,900 ஆண்டுகளுக்கு முன் அங்கே உதிராத ரகம் 27 சதவீதம். முந்நூறு ஆண்டுகள் கழித்து 39 சதவீதம். பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு மணி. அங்கே வாழ்ந்த யாருக்கும் தாங்கள் ஒரு புரட்சி செய்துகொண்டிருப்பதாகத் தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் நெல்லோடு கருவாலிக் கொட்டைகளையும் நீர்க்கஷ்கொட்டையையும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார்கள்.

முடிவில் நெல்லுக்கு மனிதன் இல்லாமல் முளைக்கத் தெரியவில்லை. மனிதனுக்கு நெல் இல்லாமல் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. யார் யாரைப் பழக்கினார்கள் என்பது இன்னும் தீராத கேள்வி.

இது ஓரிடத்தில் மட்டும் நடந்ததும் அல்ல. இன்றைய இராக், சிரியா, துருக்கி நாடுகளைத் தொட்டு வளைகிற நிலத்தில் ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன் கோதுமையும் பார்லியும்; மெக்சிகோவில் 9,000 ஆண்டுகளுக்கு முன் மக்காச்சோளம்; சிந்துவுக்கு மேற்கே மெஹர்கரில் கி.மு. 7000 அளவில் பார்லி. ஒருவரையொருவர் அறியாதவர்கள் தனித்தனியாக இதே வலைக்குள் போய் விழுந்தார்கள்.

வலை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் விவசாயிகளின் எலும்புகளைப் பல இடங்களில் அவர்களுக்கு முந்திய வேட்டைக்காரர்களின் எலும்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். உயரம் குறைந்திருக்கிறது, பல் சொத்தையாகியிருக்கிறது, சோகை கண்டிருக்கிறது. வேட்டையாடிப் பொறுக்கித் தின்றவர்களே முதல் வளமான சமூகம் என்று மார்ஷல் சாலின்ஸ் 1966இல் சொன்னபோது அது விதண்டாவாதம் மாதிரி இருந்தது. இன்று அப்படித் தள்ளிவிட முடியாது. 2017இல் ஜேம்ஸ் ஸ்காட் இன்னும் ஒரு படி போனார். அரசுகள் ஏன் தானியத்தின் மேலேயே கட்டப்பட்டன, கிழங்கின் மேல் ஏன் கட்டப்படவில்லை? தானியம் தரைக்கு மேலே, கண்ணுக்குத் தெரிய விளைகிறது. எல்லாம் ஒரே சமயத்தில் முற்றுகிறது. அளக்கலாம், பங்கு போடலாம், சேமிக்கலாம், சுமந்து போகலாம். கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும், வேண்டியபோது தோண்டிக்கொள்ளலாம், வரி வசூலிக்க வந்தவன் தானே தோண்டியாக வேண்டும். தினைப்புனம் காத்த வள்ளியின் பெயரே கிழங்கின் பெயர் என்பதும், கிழங்கு அகழ்ந்த குழியில் அவளைக் கண்டெடுத்ததாகக் கதை சொல்வதும் இங்கே ஞாபகம் வருகிறது. அளக்க முடியாத உணவின் பெண், அளக்கக்கூடிய உணவுக்குக் காவல் இருக்கிறாள்.

வேளாண்மையின் முக்கியமான விளைபொருள் தானியம் அல்ல, கணக்கு என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம். ஆனால் மெசபடோமியாவின் ஊருக் நகரத்தில் ஏறக்குறைய கி.மு. 3100இல் எழுதிய களிமண் பலகைகளைப் படித்தவர்கள் அங்கே கவிதையையோ பிரார்த்தனையையோ காணவில்லை. பார்லி எத்தனை, யாரிடம் கொடுத்தது, எத்தனை மாதத்துக்கு. சிலவற்றின் ஓரத்தில் குஷிம் என்று இருக்கிறது. அது ஆள் பெயரா பதவிப் பெயரா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு. ஆள் பெயரானால், எழுத்தில் கிடைத்த மிகப் பழைய மனிதப் பெயர்களில் ஒன்று அது. ராஜா இல்லை, வீரன் இல்லை, கவிஞன் இல்லை. பார்லிக் கணக்கு எழுதின குமாஸ்தா. தொழில்முறையில் எனக்கு இதில் ஒரு சிறு சந்தோஷம் உண்டு. பின்னால் அந்தச் சந்தோஷத்துக்கே திரும்பி வர வேண்டியிருக்கும்.

3

தெற்கே வருவோம்.

தமிழகத்துக்கு வடக்கே, கர்நாடக ஆந்திர மேட்டு நிலங்களில், கி.மு. மூன்றாம் ஆயிரத்திலிருந்து மாடு மேய்த்தவர்கள் வாழ்ந்தார்கள். தொழுவத்துச் சாணத்தைக் குவித்துக் கொளுத்தினார்கள். திரும்பத் திரும்பக் கொளுத்தியதில் சாம்பல் மேடுகள் எழுந்தன. உட்னூரில் 1957இல் அகழ்ந்த ரேமண்ட் ஆல்சின் அந்த மேடுகள் மாட்டுப் பட்டிகளே என்று நிறுவினார். இவர்கள் மேய்ப்பவர்கள் மட்டும் அல்ல என்பதைப் பின்னால் மண்ணைச் சலித்துக் கருகிய விதைகளைப் பொறுக்கிய டோரியன் ஃபுல்லர் போன்றவர்கள் காட்டினார்கள். இரண்டு காட்டுப் புற்களையும் கொள்ளையும் பச்சைப்பயறையும் அவர்கள் தாங்களாகவே பயிராக்கியிருந்தார்கள். வேளாண்மை எங்கிருந்தோ கற்றுக்கொடுக்கப்பட்டதாக இல்லாமல், தென்னிந்தியாவிலேயே ஒரு தொடக்கம் இருந்திருக்கிறது. தமிழகத்தில் பையம்பள்ளியில் 1960களில் நடந்த அகழாய்வில் கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. மானாவாரி, மழையை நம்பின கொல்லை. பழைய நூல்கள் வன்புலம் என்று சொல்கிற நிலம்.

நெல் இங்கே தாமதமாக வந்த விருந்தாளி. கங்கைச் சமவெளியில் அதைப் பல ஆயிரம் ஆண்டுகள் பொறுக்கித் தின்றார்கள். சீனத்திலிருந்து வந்த ரகத்தோடு கலந்த பின்பே, ஏறக்குறைய கி.மு. 2000க்கு அப்பால், அது முழுப் பயிரானதென்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. தெற்கே நமக்கு நெல்லைக் காட்டுகிறவை பெரும்பாலும் சுடுகாடுகள். 1899 முதல் ஆதிச்சநல்லூரில் தோண்டிய அலெக்சாண்டர் ரீ தாழிகளின் கலங்களில் உமியைக் கண்டார். சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமிக்குக் கரிமக் கணிப்பில் கி.மு. 1155 என்று காலம் வந்ததாக 2021இல் அறிவித்தார்கள். பழனிக்கு அருகே பொருந்தலில் கா. ராஜன் அகழ்ந்த கல்லறை ஒன்றில் ஒரு ஜாடி நிறைய, இரண்டு கிலோ நெல் இருந்தது. காலம் ஏறக்குறைய கி.மு. 490. அதே கல்லறையில் ஒரு பிரிமனையில் தமிழி எழுத்தும் இருந்தது. நெல்லும் எழுத்தும் ஒரே குழியில். ஊருக்கில் நடந்ததற்கு இது நிரூபணம் ஆகாது. ஆனால் இந்த அண்டை வீட்டுறவு எனக்கு வியப்பளிக்கவில்லை.

இதையெல்லாம் திணைக் கோட்பாட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பி.டி. சீனிவாச ஐயங்கார் 1920களின் இறுதியில், குறிஞ்சியில் தொடங்கி மருதத்தில் இறங்கி வந்த மனித வளர்ச்சியின் படிகளே திணைகள் என்றார். அழகான ஏணி. 1974இல் கா. சிவத்தம்பி அந்த ஏணியைப் படுக்க வைத்தார்: இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலகட்டங்கள் அல்ல, ஒரே காலத்தில் அருகருகே நிலவிய சமனற்ற வளர்ச்சி. அகழாய்வுச் சான்று இரண்டாவது பார்வைக்கே அதிகம் ஒத்துப்போகிறது. தினை விதைத்தவனும் மாடு மேய்த்தவனும் நெல் நட்டவனும் சமகாலத்தவர்கள். உப்பு கொடுத்து நெல்லும், மீன் கொடுத்துக் கள்ளும் வாங்கிக்கொண்டவர்கள். ஆனால் சமகாலத்தவர்கள் சமமானவர்களாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஐந்தில் ஒன்று மற்ற நான்கையும் விழுங்கத் தொடங்கியது. எந்த நிலத்தில் உபரியும் அதை அளக்கிறவனும் இருந்தார்களோ அந்த நிலம். தலைவனின் பரத்தமையும் தலைவியின் ஊடலும் மருதத்துக்கு உரிப்பொருளானது தற்செயலா? வேறு திணைத் தலைவனுக்கு இவ்வளவு ஓய்வு இல்லை. அவனுக்காக வேறு யாரும் வயலில் நிற்கவில்லை. மருதக் கவிதையின் நுட்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நுட்பத்துக்கு நேரம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கிறேன்.

4

மலைக்கோட்டை உச்சியில் நின்றால் தமிழகத்து வேளாண்மையின் இரண்டு வரலாறுகளும் தெரியும். வடக்கே காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கத் தீவு, அதற்கப்பால் கொள்ளிடம், லால்குடி வரை பச்சை. தெற்கே திரும்பினால் மணப்பாறைப் பக்கத்து வறண்ட மேடு. சோளமும் வரகும் விளைந்த பூமி. நம் கண் பழக்கத்தால் வடக்கேதான் போகும். சினிமாக்காரனும் கவிஞனும் அங்கேதான் பார்க்கிறார்கள்.

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் தாழ்ந்த படுகை, நேர்வழி. வெள்ளம் அதில் ஓடத்தான் விரும்பும். காவிரி மேட்டுப் படுகை, வண்டல் சேர்ந்து தூர்ந்துகொண்டே இருப்பது. ஸ்ரீரங்கத்தைச் சுற்றிவிட்டுக் கீழே இரண்டும் மறுபடி நெருங்குகிற இடத்தில், காவிரி கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் தடுத்து நிற்பது கல்லணை. தஞ்சை டெல்டாவின் உயிர் அந்த ஓரிடத்தில் இருந்தது. ஆற்றை அதன் விருப்பத்துக்கு விட்டால் டெல்டா இல்லை. இயற்கையின் கொடை என்று நாம் பாடுகிற பசுமை, இயற்கையின் போக்கை இரண்டாயிரம் வருஷங்களாக மறித்து வாங்கினது.

கல்லணையைக் கட்டியவன் கரிகாலன் என்று மரபு சொல்கிறது. கட்டிய கைகள் யாருடையவை என்பது பற்றியும் ஒரு மரபு இருக்கிறது. அதை நாம் அவ்வளவாகப் பாராட்டுவதில்லை. இலங்கையிலிருந்து 12,000 பேரைச் சிறைபிடித்துக் காவிரிக் கரையில் வேலை வாங்கினதாகவும், கஜபாகு வந்து அவர்களை மீட்டுப் போனதாகவும் பிற்காலச் சிங்கள நூலான ராஜாவலிய சொல்கிறது. கதையாகத்தான் இருக்கும். எண்ணிக்கையை நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஓர் அணையைப் பற்றி இரண்டு நாட்டு ஞாபகங்கள் இருப்பதும், ஒன்று கட்டுவித்தவனையும் மற்றது கட்டினவர்களையும் நினைவில் வைத்திருப்பதும் கவனிக்கத் தக்கது.

1799இல் தஞ்சை கம்பெனியின் கைக்குப் போயிற்று. அதன்பின் நிலவரி குறையக் குறையக் காவிரியின் மேல் கம்பெனிக்கும் அக்கறை வந்தது. ஆர்தர் காட்டன் இங்கே வந்து பார்த்தபோது கொள்ளிடம் நீரையெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தது. 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்று கல்லணையைக் கட்டிய பெயர் தெரியாதவர்களிடமிருந்தே தாங்கள் கற்றுக்கொண்டதாகக் காட்டன் ஒப்புக்கொண்டார். அந்தப் பாடத்தைக் கொண்டு போய்த்தான் பின்னால் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். 2018 ஆகஸ்டில், வெகுநாள் கழித்து வந்த பெருவெள்ளத்தில், அந்த மேலணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. மறுநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜனங்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். நானும் போனேன். 180 வருஷம் ஆற்றை மறித்தவர்களின் பாக்கியை ஆறு ஒரே ராத்திரியில் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது.

பெரிய நீர்ப்பாசனம் பெரிய சர்வாதிகாரத்தைப் பெறும் என்று விட்ஃபோகல் 1957இல் எழுதினார். காவிரிக்கு அது அப்படியே பொருந்தாது. தலைப்பு அணை ராஜாவுடையது என்றாலும் வாய்க்காலும் குளமும் மடையும் ஊராலும் நாட்டாலும் பராமரிக்கப்பட்டவை. இதைப் பர்ட்டன் ஸ்டைன் 1980இல் விரிவாக எழுதினார். சர்வாதிகாரி தஞ்சாவூரில் இல்லை என்பதால் ஊரில் இல்லை என்று ஆகிவிடாது.

நொபொரு கராஷிமா திருச்சிக்கு மேற்கே காவிரித் தென்கரையில் இருக்கிற இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டார். அல்லூர், ஈசானமங்கலம். சோழர் காலத்தில் அல்லூர் வேளாளர் ஊர், ஈசானமங்கலம் பிரமதேயம். கல்வெட்டுக்களின்படி அல்லூரில் நிலத்தை விற்பதும் கொடுப்பதும் ஊர் கூட்டாகச் செய்தது. ஈசானமங்கலத்தில் தனித்தனிப் பிராமணர்கள் தத்தம் நிலத்தை விற்றார்கள். ஒன்றில் நிலத்தின் உடைமை உழவின் கூட்டத்திலிருந்து இன்னும் பிரியவில்லை, மற்றதில் பிரிந்துவிட்டது. அங்கே நிலம் வைத்திருந்தவர்கள் உழவில்லை. உழுதவர்கள் கல்வெட்டுக்கு வரவில்லை. பிந்திய சோழர் காலத்துக்கு வரும்போது ஸ்ரீரங்கம், திருவானைக்கா கல்வெட்டுக்களில் ஈசானமங்கலத்தின் வழியே பொதுவழியாகிவிட்டிருப்பதையும் அவர் காட்டினார். இந்தச் சிறிய ஆராய்ச்சியை 1966இல் ஒரு ஜப்பானியர் செய்ய வேண்டியிருந்தது. நாம் அப்போது கல்வெட்டில் ராஜாக்களின் மெய்க்கீர்த்தியை வாசித்துக்கொண்டிருந்தோம்.

துருக்கியில் கோபெக்லி தெபே என்ற இடத்தில், ஏறக்குறைய கி.மு. 9500இல், பயிர்த்தொழில் அறியாத வேட்டைக்காரர்கள் செதுக்கின கல்தூண்களை வட்டவட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். வயலுக்கு முன்னால் கோயில். திருவிழாவுக்குக் கூடின கூட்டத்துக்குச் சோறு போட வேண்டித்தான் விதைக்கத் தொடங்கினார்களோ என்று ஒரு யூகம் உண்டு. எப்படியும், ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இந்த யூகம் அன்னியமாகப் படாது. கோயிலுக்குள் வட்டவடிவில் உயர்ந்து நிற்கிற நெற்களஞ்சியங்களை அவன் சிறுவயது முதல் பார்த்திருக்கிறான். தேவதானமும் திருவிடையாட்டமும் கோயிலை டெல்டாவின் மிகப் பெரிய நிலக்கிழார் ஆக்கின. நெல் அங்கே வந்தது, அளக்கப்பட்டது, சேமிக்கப்பட்டது, பங்கு போடப்பட்டது. பஞ்சத்தில் அங்கேதான் நெல் இருந்தது. 1201ஆம் ஆண்டைச் சேர்ந்த திருப்பாம்புரம் கல்வெட்டில் ஒரு வேளாளன் பட்டினிக்குத் தப்பத் தன்னையும் தன் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொள்கிறான். நிலமுள்ள ஜாதிக்காரனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைக் கல்லில் வெட்டவே அவசியம் நேரவில்லை.

5

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பங்கு ஒன்றுக்கு வருஷம் 100 கலம் நெல். அந்த நெல் விளைந்த ஊர்களின் பட்டியலும் அதே கோயில் சுவரில் உண்டு. அதில் வரி நீக்கிய இடங்கள் வருகின்றன: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு. ஆடினவளுக்குப் பெயர் இருக்கிறது. நட்டவள் ஒரு நிலப்பரப்பாக, சுடுகாட்டுக்குப் பக்கத்துக் கழிவாக, கணக்கில் வருகிறாள்.

1843இல் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் போயிற்று. பண்ணையாள் முறை போகவில்லை. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1960களில் தஞ்சை தீவிர வேளாண்மைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஜப்பானிய நோரின் 10ஐயும் நம் ஜி.இ.பி. 24ஐயும் கலந்த ஆடுதுறை 27 வயல்களில் பரவிற்று. எப்போதோ பிரிந்த நெல்லின் இரண்டு கிளைகள் ஆடுதுறையில் சந்தித்தன என்று ரொமாண்டிக்காக எழுதலாம். களத்தில் கண்ட நெல் கூடிற்று. கூடினதில் பங்கு கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர், பெண்களும் குழந்தைகளுமே அதிகம், ஒரே குடிசைக்குள் எரிந்துபோனார்கள். தியான்லுவோஷானில் 39 சதவீதத்துக்கு வந்த ஒரு விஷயம் அந்தக் குடிசை வரை நீள்கிறது என்று சொன்னால் நண்பர்கள் நான் தாவுகிறேன் என்பார்கள். இடையில் இருக்கிற படிகளை மேலே அடுக்கியிருக்கிறேன். எந்தப் படியில் தாவினேன் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

வேளாண்மை நிகழ்ந்திருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 800 கோடிப் பேர் வேட்டையாடித் தின்ன முடியாது. பழைய நெல் ரகங்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் போன்றவர்களின் உழைப்பிலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பாரம்பரியத்தை மீட்பது என்ற உற்சாகத்தில் மாப்பிள்ளைச் சம்பாவோடு அதை விளைவித்த முறையும் சேர்ந்து புனிதமாகிவிடுகிறது. விதையை மீட்கலாம். அந்த விதை எந்தக் கையால் நடப்பட்டது என்பதை மறந்துவிட்டு மீட்டால் அது பாரம்பரியம் அல்ல, அலங்காரம்.

இனி குஷிமின் சந்தோஷத்துக்கு வர வேண்டும்.

பயிர்க்கடன் கேட்டு என் மேசைக்கு வருகிற மனுவோடு சிட்டாவும் அடங்கலும் இருக்கும். சர்வே எண், பரப்பு, பாசனம், பயிர், பட்டாதாரர். கோயில் நிலத்தைத் தலைமுறையாக வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர் ஒருவர் ஒருமுறை வந்தார். காட்டுவதற்கு அவரிடம் தாள் எதுவும் இல்லை. கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டினார். நான் சட்டம் தெரிந்தவனாகப் பேசி அனுப்பிவைத்தேன். தவறாக எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குக் குஷிம் ஞாபகம் வந்தான்.

எங்கள் குடும்பத்துக்கு லால்குடிப் பக்கத்தில் ஒரு வேலி நிலம் இருந்தது. தாத்தா அதை விற்றபின் பிறந்தவன் நான். வயலை நான் பார்த்ததெல்லாம் அவர் பேச்சில்தான். கவிதை எழுதிப் பார்த்த நாட்களில் அந்தப் பேச்சிலிருந்து வரப்பையும் நண்டு வளையையும் ஈரமண் வாசனையையும் எடுத்துக்கொண்டேன். அச்சிலும் வந்தது. அவர் வரப்பில் குடையோடு நின்றவர், சேற்றில் இறங்கினவர் அல்ல என்பது அந்தக் கவிதைகளில் இல்லை. அவர் போனபின் பெட்டியில் அவருடைய சாகுபடிக் கணக்கு நோட்டு கிடைத்தது. சுத்தமான கையெழுத்து, என்னுடையதும் அதே சாயல். உழவு, நாற்று, நடவு, களை, அறுப்பு, களத்தில் கண்ட கலம், பதர் நீக்கி மிச்சம். உழவு மாடுகளுக்குப் பெயர் இருக்கிறது: மயிலை, செவலை. மயிலைக்கு லாடம் கட்டினது, செவலைக்குக் கஷாயம் கொடுத்தது எல்லாம் தேதியோடு இருக்கிறது.

நடவு நாளுக்கு நேரே எழுதியிருப்பது இவ்வளவுதான்: பெண் ஆள் 14.